கடற்கரையில் புதைத்த பானை

கடல் என்றால் எனக்கு ஆகாது. வீட்டில் யாராவது பீச்சுக்குக் கிளம்பினால் தலைவலி என்று படுத்துவிடுவேன். கடல் நாற்றம் என் மூக்கில் ஏறியது ஒரே ஒரு நாளில், இரண்டாம் உலக யுத்தம் முடிந்த மறு வருஷக் கோடையில். அப்போது எனக்குப் பதினொரு வயது.

அப்பா அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர். நான்கு புறமும் நீர் சூழ்ந்த நிலம் தீவு என்று வருஷக்கணக்காகப் பூகோளம் நடத்தியவர், ஒரு தீவைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை. எங்கள் கரிசக்காட்டில் நான்கு புறமும் நீர் சூழ்ந்த பொருள் என்றால் கஞ்சியில் கிடக்கும் வெங்காயம்தான். அந்தக் குறை அவருக்கு உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. பாம்பன் ரயில் நிலையத்தில் வேலை பார்த்த என் மாமா, "குடும்பத்தோடு வாருங்கள், பக்கத்துத் தீவைச் சுற்றிக் காட்ட ஏற்பாடு செய்கிறேன்" என்று கடிதம் போட்டதும் அப்பாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

"பால் குடிக்கிற பிள்ளைய வச்சுக்கிட்டு கடலுக்குள்ள எதுக்குங்க?" என்றாள் அம்மா. தம்பிக்கு எட்டு மாதம்.

"பிள்ளைகளுக்கு உலகம் தெரிய வேண்டாமா?" என்றார் அப்பா. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்ட கதை இப்படித்தான் ஆரம்பித்தது.

கரியில் ஓடும் பஸ்ஸில் திருச்சுழி, நரிக்குடி தாண்டி மானாமதுரை போய், அங்கிருந்து ரயில். பாம்பனில் இறங்கியதுமே கருவாட்டு வாடை முகத்தில் அறைந்தது. முந்தானையால் மூக்கைப் பொத்திய அம்மா அன்று முழுக்க அதை எடுக்கவில்லை. மாமாவுக்கு மறுநாள் டூட்டி. ஒரு வத்தைக்காரரையும் அவர் மனைவியையும் எங்களுக்குத் துணையாக அமர்த்திவிட்டு, ஒரு பானை நல்ல தண்ணீரும் ஏற்றி அனுப்பினார். வத்தை என்றால் பாய் கட்டிய சின்னப் படகு. அதன் அடியில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. அதில் மீன் செதிலும் குடலும் மிதந்தன. படகு ஆடும்போதெல்லாம் அந்தக் கழுநீர் என் பாவாடை ஓரத்தைத் தொட்டுத் தொட்டுப் போனது. அம்மா இரண்டு முறை வாந்தி எடுத்தாள். அப்பா மட்டும் திசைகளைச் சொல்லிக்கொண்டு வந்தார்.

தீவைப் பற்றி நான் என்னவெல்லாமோ நினைத்திருந்தேன். கரையில் முழங்கால் உயரத்துக்குக் கடற்பாசி ஒதுங்கி அழுகிக் கிடந்தது. மிதித்தால் புளிச்சென்று உள்ளே போனது. அதற்குள்ளிருந்து ஈ கிளம்பி வாய்க்குள் வந்தது. மணலில் சளிக்கட்டி போலச் சொறிமீன்கள். வெயில் தாழ வருவதாகச் சொல்லிவிட்டு வத்தைக்காரர் மீன் பிடிக்கப் போய்விட்டார். அவர் மனைவி சிப்பியும் விறகும் பொறுக்க எங்களோடு இறங்கினார்.

அப்பா முதலில் செய்த வேலை தண்ணீர்ப் பானையைப் புதைத்தது. எங்கள் ஊரில் எல்லோரும் செய்வதுதான். குண்டாற்றுக்குப் போனால் ஈரமணலைத் தோண்டிப் பானையைக் கழுத்துவரை இறக்கி, மேலே மூடி போட்டு விடுவோம். மதியம் எடுத்தால் குளிர்ச்சியில் பல் கூசும். அப்பா அலை ஓரமாக நல்ல ஈரமாய்ப் பார்த்துத் தோண்டினார்.

"ஐயா, அங்கன வைக்காதீக. தண்ணி ஏறும்," என்றார் வத்தைக்கார அம்மாள்.

அப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "தண்ணியப் பாதுகாக்க எங்களுக்கா சொல்லித் தரணும்?" என்று அம்மாவிடம் சொன்னார். எங்கள் கண்மாய்த் தண்ணீருக்கு இறங்கத்தான் தெரியும். காலையில் ஒரு இடத்திலும் மதியத்தில் ஒரு இடத்திலும் நிற்கிற தண்ணீரை எங்களில் யாரும் கண்டதில்லை.

பிறகு தீவைச் சுற்றினோம். அப்பா ஒரு கடலட்டையைக் கையில் தூக்கிப் பாடம் நடத்தினார். அது தன் குடலை அப்படியே வெளியே தள்ளி அவர் சட்டையில் கக்கியது. வெள்ளை வெள்ளையாய், பசை மாதிரி நூல் நூலாக. துடைக்கத் துடைக்கப் பரவியது. எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை, குமட்டல்தான் வந்தது. சாப்பிட உட்கார்ந்தால் இட்லியில் மணல் நறநறத்தது. விக்கல் எடுத்ததும் தண்ணீர் என்றேன்.

பானை இருந்த இடத்தில் கடல் இருந்தது. அப்பா இடுப்பளவு இறங்கித் தேடி அதை மீட்டுக் கொண்டுவந்தார். மூடியைக் காணோம். ஒரு வாய் குடித்துவிட்டுத் துப்பினார். அதோடு எங்கள் குடிதண்ணீர் முடிந்தது.

பெரியவர்கள் தாங்கிக்கொள்ளலாம். தம்பி எப்படித் தாங்குவான்? காலையிலிருந்து வாந்தி எடுத்த அம்மாவுக்கு உடம்பில் ஈரமே இல்லை. அவன் மார்பை உறிஞ்சிப் பார்த்துவிட்டு விலகி அலறினான். மறுபடி உறிஞ்சினான். கொஞ்ச நேரத்தில் அலறல் போய் முனகல்தான் மிஞ்சியது. அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா கடலைப் பார்த்தார். வத்தை வர இன்னும் அரைப் பகல் இருந்தது.

அந்த அம்மாள் எழுந்தார். தீவின் நடுவில் தாழம்புதர் ஓரமாகப் போய்ப் பெரிய சிப்பியால் மணலை வாரினார். முழங்கை ஆழத்தில் ஊற்று சுரந்தது. கலங்கல் தெளியும்வரை காத்திருந்து, இடுப்பில் செருகியிருந்த தேங்காய்ச் சிரட்டையில் மொண்டு அம்மாவிடம் நீட்டினார். "குடிங்கம்மா, நல்ல தண்ணிதான்."

"வேண்டாம்," என்றார் அப்பா. "கண்ட கையில வாங்கிக் குடிச்சா வயித்துக்கு ஆகாது. வத்தை வந்துரும்."

ஞாயிறுதோறும் எல்லோரும் ஒரே தகப்பனின் பிள்ளைகள் என்று பிரசங்கிக்கிற வாய் அது. சட்டையில் அட்டையின் குடல் காய்ந்து ஒட்டியிருந்தது. அந்தக் கோலத்தில் நின்றுகொண்டு அவர் சுத்தம் பேசினார். அம்மா எழுந்து போய்ச் சிரட்டையை இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தாள். ஆறு சிரட்டை. பிறகு அந்த அம்மாளின் பக்கத்திலேயே உட்கார்ந்து தம்பியை மடியில் போட்டுக்கொண்டாள். வெகுநேரம் பால் குடித்த பிறகு அவன் வாய் அசைவது நின்றது. தூங்கிவிட்டான்.

அடுத்த சிரட்டை எனக்கு வந்தது. நான் அப்பாவின் மகள். முகத்தைச் சுளித்து, "மீன் நாத்தம்," என்றேன்.

அந்த அம்மாள் கோபித்துக்கொள்ளவில்லை. ஊற்று சொட்டுச் சொட்டாகத்தான் ஊறிக்கொண்டிருந்தது. அதில் மொண்டு சிரட்டையைக் கழுவி ஊற்றினார். மணலைப் போட்டுத் தேய்த்து மறுபடியும் கழுவினார். மூன்றாம் முறையும் கழுவினார். அத்தனை நல்ல தண்ணீரும் மணலில் போனது. தண்ணீருக்காக ஊர் ஊராய் அலையும் ஜனத்தில் பிறந்த நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு நிறைத்துக் கொடுத்தார், குடித்தேன். அவர் விறகு பொறுக்க நகர்ந்ததும் அப்பா மண்டியிட்டுப் பள்ளத்துக்குள் கையை விட்டு அள்ளி அள்ளிக் குடித்தார்.

ஊர் திரும்பிய பின் வந்த ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து கோயில் வாசலில் எல்லோரும் அப்பாவைச் சூழ்ந்துகொண்டார்கள். தீவைப் பற்றி விஸ்தாரமாகச் சொன்னார். குடிக்கத் தண்ணீர் இல்லாமல் போனதையும் சொன்னார், பானையைப் பற்றி வாய் திறக்கவில்லை. "அப்பத்தான் ஒரு தாழம்புதரப் பார்த்தேன். நம்ம பக்கத்து ஆளுக்குத் தண்ணி இருக்கிற இடத்த மூக்கே சொல்லிரும்ல. கையாலேயே தோண்டிட்டேன்."

அம்மா தம்பியைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று வீட்டைப் பார்த்து நடந்துவிட்டாள். அப்பா என் தலையில் கை வைத்து, "இவளக் கேளுங்க. இல்லையாம்மா?" என்றார்.

அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஆமா," என்றேன்.