வடிகட்டியும் வரதராஜன்பேட்டைத் தண்ணீரும்

ஏலாக்குறிச்சி அடைக்கலசாமி 1946இல் திருச்சியில் பி.ஏ. படித்துக்கொண்டிருந்தான். விடுதியில் அவனுக்கு ‘வடிகட்டி’ என்று பெயர். நரம்புச் சிலந்தி என்னும் புழு குளத்துத் தண்ணீரோடு வயிற்றுக்குள் போகும், வருடம் திரும்பும்போது காலைப் பொத்துக்கொண்டு நூலாக வெளியே வரும், சுத்தமான துணியில் வடிகட்டிக் குடித்தால் அண்டாது என்று ஒரு டாக்டர் கல்லூரியில் படம் காட்டிப் பேசினார். எல்லோரும் கைதட்டிவிட்டு மறந்தார்கள். இவன் மட்டும் அன்று முதல் வடிகட்டாமல் ஒரு மிடறு குடிக்கவில்லை. “மனசு வச்சா யாராலயும் முடியும்டா” என்று உபதேசம் வேறு. விடுதியில் வந்தது குழாய்த் தண்ணீர்தான் என்பதைச் சொல்லி அவனிடம் வாயைக் கொடுக்க யாரும் தயாராக இல்லை.

அந்தக் கோடையில் வரதராஜன்பேட்டைக்குப் பெண் பார்க்கப் போனார்கள். பெண் அமலோற்பவமேரி. அவள் அப்பா சவரியார் குளத்துத் தண்ணீரைச் செம்பில் நீட்டினார். வந்தவர்கள் அதைக் குடித்தால்தான் பேச்சே தொடங்கும். அடைக்கலசாமியின் கை தோளிலிருந்த துண்டுக்குப் போனது. சம்பந்தம் பேச வந்த இடத்தில் தண்ணீரை வடிகட்டினால் அந்த வீட்டையே குறை சொன்னதாகிவிடும். அம்மா அற்புதம்மாள் கண்ணாலேயே ஒரு மிரட்டு மிரட்டினாள். மடக்மடக்கென்று குடித்துவிட்டான். பி.ஏ. பாஸானதும் கல்யாணம் என்று முடிவாயிற்று.

மறுவருடம் பரீட்சை நெருங்கியபோது கணுக்காலில் கொப்புளம் கிளம்பியது. அது உடைந்து வெள்ளை நூல் ஒன்று தலைநீட்டியது. ஈர்க்குச்சியில் சுற்றித் தினமும் கொஞ்சங்கொஞ்சமாக இழுக்க வேண்டும். அறுந்தால் கால் சீழ்பிடிக்கும். அறுந்தது. மற்றவர்கள் பரீட்சை எழுதியபோது அவன் ஆஸ்பத்திரியில் கிடந்தான். வலியைவிட வெட்கம்தான் பிடுங்கித் தின்றது. ஊருக்கெல்லாம் முடியும் என்றவனால் ஒரு செம்புக்கு முன்னால் முடியவில்லை.

கால் ஆறியதும், கல்யாணத்தைத் தள்ளிப்போடக் கேட்டு அவனே கிளம்பினான். ஜெயங்கொண்டத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, துண்டால் முகத்தைத் துடைத்துத் துடைத்து நொண்டிக்கொண்டே போய்ச் சேர்ந்தான். சவரியார் அதே செம்பை நீட்டினார்.

“இன்னொரு செம்பு குடுங்க மாமா.”

அது வந்ததும் அதன் வாயில் துண்டை விரித்தான். சவரியாரின் முகம் கறுத்துவிட்டது.

“எங்க வூட்டுத் தண்ணியில என்ன தம்பி கொறை?”

“போன வருசம் இங்க குடிச்சதுதான் மாமா.” காலை நீட்டித் தழும்பைக் காட்டினான். “நீங்க கோவிச்சுக்கிட்டாலும் சரி, வடிகட்டாம இனிமே குடிக்க மாட்டேன்.”

சவரியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சம்பந்தம் போயிற்று என்று அடைக்கலசாமி நினைத்தான். ஆனாலும் துண்டை எடுக்கவில்லை.

அப்போது உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. அமலோற்பவமேரியின் குரலை அவன் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டான்.

“அப்பா, அது வேர்வைத் துண்டு. வெளுத்த துணி எடுத்தாரேன், அதுல வடிகட்டச் சொல்லுங்க.”

சுத்தமான துணி என்றுதான் டாக்டரும் சொல்லியிருந்தார். அடைக்கலசாமி துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு காத்திருந்தான்.