மாறி ஓடிய ரீல்

பேத்தி செல்போனில் ஜப்பான் கார்ட்டூன் தொடர் பார்க்கிறாள். போன வாரம் செத்தவன் இன்று காரணமே இல்லாமல் சண்டைக்கு வருகிறான். "லூசுத்தனமா இருக்கு தாத்தா, ஆனா விட முடியல."

போன உசுரு திரும்புமா என்பார்கள். நான் சிறுவனாக இருந்தபோது விளாங்குடி டூரிங் டாக்கீஸில் திரும்பியது. ஒரு பேய்ப்படத்தில் பிள்ளை சாகிற ரீலை ஆபரேட்டர் முன்னாடியே ஓட்டிவிட்டார். செத்த பிள்ளை கடைசியில் தாய் மடியில் சோறு தின்றது. மணலில் உட்கார்ந்திருந்த சனம் விழுந்து விழுந்து சிரித்தது. அந்த வருசம் மகனைப் பறிகொடுத்த என் சித்தி சிரிக்கவில்லை.

மறுநாளும் என்னை இழுத்துக்கொண்டு போய் ஆபரேட்டரிடம் நின்றாள்.

"அண்ணே, நேத்து மாதிரியே ஓட்டுங்க."

"அது தப்பு ஆத்தா."

"தப்பாவே இருக்கட்டும்ணே."

அவர் அப்படியே ஓட்டினார். திரை வெளுத்த பிறகும் சித்தி மடியை விரித்தபடி இருந்தாள்.

"செத்தவன் எப்படி வந்தான்னு சொல்லவே இல்லையே?" என்கிறாள் பேத்தி.

"கேக்காத ஆத்தா. கேட்டா போயிருவான்."