பத்துக் கல் இடித்த ஞாயிறு

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் எங்கள் வீட்டில் தங்கம் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்தாக வேண்டியிருந்தது. நகையாக அல்ல, கல்லுக்குள்.

அறுபதுகளின் கடைசி. நான் ஐந்தாம் வகுப்பு. கிழக்குத் தாம்பரத்தில் வாடகை வீடு, அப்பா பள்ளி ஆசிரியர். அம்மாவின் தம்பியான என் மாமா, கோலார் பக்கம் ஒரு தங்கச் சுரங்கத்தில் மாதிரிக் கற்களை இடித்துச் சோதிக்கும் அறையில் ஏழு வருடம் வேலை பார்த்தவர். கல்தூசியில் இருமல் பிடித்து வேலையை விட்டுவிட்டு இரண்டு வருடமாக எங்களோடு இருந்தார். சர்ச்சில் யாராவது விசாரித்தால் அப்பா, "ரெஸ்ட்ல இருக்கார்" என்பார். அவர் அதைச் சொல்லும் விதத்தில், அன்று மதியம் மாமாவுக்குச் சோறு இறங்காது.

பீர்க்கன்கரணையில் ஒருவர் தன் நிலத்தில் கிணறு வெட்டியபோது, மஞ்சளாக மினுங்கும் வெள்ளைக் கற்கள் கிடைத்தன. ஒரு சாக்கில் போட்டு மாமாவிடம் கொண்டுவந்தார். மாமா, "இருக்கலாம்" என்றார். அந்த 'லாம்' அப்பாவின் மனதில் ஒரே வாரத்தில் கரைந்துபோயிற்று. வீடு கட்டுவதற்காகச் சேலையூரில் வாங்கிப் போட்டிருந்த மனையை விற்று அந்த நிலத்தை வாங்குவது, மாமா அங்கே நின்று வேலையைக் கவனிப்பது என்று முடிவாயிற்று. அந்த மனையில் எழும்பப்போகும் வீட்டுக்கு எத்தனை ஜன்னல், எந்தச் சுவரில் அலமாரி என்றெல்லாம் தீர்மானித்து வைத்திருந்த அம்மா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. தம்பிக்கு ஒரு பிழைப்பு வேண்டுமே.

மாமா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். முதலில் கல்லைச் சோதிக்க வேண்டும்.

ஆராதனை முடிந்து வந்ததும் வேலை தொடங்கியது. அப்பாவுக்குச் சர்ச்சில் கமிட்டிக் கூட்டம். மாமா இருபது கற்களைப் பொறுக்கி, பத்தைத் துணியில் கட்டி மேசைமேல் வைத்தார். "பாதியத் தொடப்படாது. சண்டை வந்தா அதான் சாட்சி." நாட்டு மருந்துக் கடையில் இரவல் வாங்கிய இரும்பு உரலை மூன்று முறை தேய்த்துக் கழுவினார். பிறகு எங்களைப் பார்த்தார்.

"தங்கம் தேடுற எடத்துல வேற தங்கம் இருக்கப்படாது. வளையல், மோதிரம், கம்மல் எல்லாத்தையும் கழட்டுங்க."

"தாலியுமாடா?"

"அத ரவிக்கைக்குள்ள போட்டுக்கக்கா. கர்த்தர் மன்னிப்பாரு, கல்லு மன்னிக்காது."

என் கம்மலையும் கழற்றி, காதில் வேப்பங்குச்சி செருகினாள் அம்மா.

கரி அடுப்பில் கற்களைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் சுரீரென்று வெடித்து உதிரும். அதை உரலில் மாவாக இடிக்க வேண்டும். ஆறு கல் முடிவதற்குள் மாமாவுக்கு இருமல் வந்துவிட்டது. ஐந்து மணிக்கு வர வேண்டிய நிலக்காரர் மூன்றரைக்கே வந்து வாசலில் நின்றார்.

"இன்னா சார், தங்கம் கீதா இல்லியா? ஒரு வார்த்த சொல்லிடு. அட்வான்ச கைல வெச்சிகினு ஒருத்தர் நிக்கிறாரு."

"கல்லு வாயத் தொறக்கட்டும் அண்ணே" என்று சொல்லிவிட்டு, மாமா தண்ணீர் சேந்தக் கொல்லைப்பக்கம் போனார்.

அந்த நேரம் பார்த்து அப்பா வந்தார். வாசலில் நிலக்காரரைக் கண்டதும் பதறி, சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்து உலக்கையைப் பிடித்தார். அம்மா எதிரே அமர்ந்து, வெடித்த கற்களை ஒவ்வொன்றாக உரலில் போட்டாள். நான் சல்லடை. மாமா குடத்தோடு திரும்பியபோது பத்துக் கல்லும் மாவாகியிருந்தது.

மாமா அந்த மாவை வாணலியில் போட்டு, தண்ணீர் விட்டுச் சுழற்றினார். லேசான மணல் விளிம்பைத் தாண்டி வழிந்தது. கனமான கருமணல் அடியில் தங்கியது. இன்னொரு சுழற்றல். கருமணலின் ஓரத்தில் மயிரிழை போல ஒரு மஞ்சள் கோடு.

"ஸ்தோத்திரம்!" என்று அப்பா எழுந்தேவிட்டார்.

"நான் சொல்லல? என் பூமி பேசுது பாரு!" என்றார் நிலக்காரர்.

மாமா வாணலியை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். திரும்பி வந்து, "அத்தான், கையக் காட்டுங்க" என்றார்.

அப்பாவின் வலக்கையில் கல்யாண மோதிரம். உலக்கைக்கும் விரலுக்கும் நடுவில் கல்மாவு அரைத்து, அதன் அடிப்பக்கம் முழுக்கப் புதுக் கீறல்கள்.

"இது கல்லோடது இல்ல அத்தான். உங்களோடது."

அப்பாவின் முகம் சிவந்தது. "எல்லாம் என் மோதிரமா? கல்லுல ஒண்ணுமே இல்லியா? யாருக்காகடா நான் மனைய விக்கிறேன்?"

"எனக்காகத்தான். அதனாலதான் சொல்றேன்."

மேசைமேல் இருந்த துணி அவிழ்ந்தது. அம்மா சோப்பு நுரை தடவி மோதிரத்தை இழுத்தாள். விரல் தோல் வழன்ற பிறகுதான் அது கழன்றது. உரலை மறுபடி தேய்த்துக் கழுவி, இரண்டாவது பத்தையும் மாமாவே காய்ச்சி இடித்தார். இரண்டு இடி, ஒரு இருமல். உதவிக்குப் போன அப்பாவைக் கையால் தடுத்தார். நிலக்காரர் பீடியைப் பற்றவைக்க மறந்து உதட்டிலேயே வைத்திருந்தார். நான் மனதுக்குள் ஜெபம் செய்தேன். வாணலி சுழன்றது, நின்றது. கருமணல் மட்டும்.

"பேஜாரா பூட்ச்சே" என்ற நிலக்காரர், சற்றுப் பொறுத்து, "சரி வுடு சார், கெணத்துல தண்ணியாச்சும் வந்துச்சி" என்று வெற்றுச் சாக்கை உதறி எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் காலை மாமா டிரங்குப் பெட்டியை எடுத்தார். பழைய சுரங்கத்திலேயே, அதே தூசி அறையில் வேலை கேட்கப் போகிறார். அப்பா, "இருந்துட்டுப் போயேன்" என்றார். மாமா சிரித்தார். எனக்கு அவர்மேல் அடங்காத கோபம். வந்த தங்கத்தை இல்லையென்று சொன்னவர் அவர்தானே.

"நீங்க பாத்தும் பாக்காத மாதிரி இருந்திருக்கலாம்ல மாமா?" என்றேன்.

அவருடைய சட்டையை மடித்துக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. மாமா என் பக்கம் திரும்பவில்லை. அம்மாவையே பார்த்து, "பரவால்லக்கா" என்றார், மெதுவாக. என்னைத்தான் மன்னித்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டு, பையை மாட்டிப் பள்ளிக்கு ஓடினேன்.

முந்தின நாள் அப்பாவுக்கு எதிரே, உலக்கைக்கு ஒரு முழத் தூரத்தில், மீதி நாலு கல்லையும் உரலில் போட்டது அம்மா. மோதிரம் போட்ட அந்த விரல் அவள் கண்ணில் படாமல் இருந்திருக்க முடியாது. இது எனக்கு உறைத்தபோது, அன்று அவளுக்கு இருந்த வயதை நான் தாண்டியிருந்தேன்.