காற்றுக்கு வழி விடும் சவரிநாதன்

சுருட்டை ஆழமாக இழுத்து, கன்னம் இரண்டும் உப்ப, இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டின் ஓட்டையில் வாயை வைத்து ஊதுகிறார் சவரிநாதன். ஊதிய கையோடு மேஜையைச் சுற்றி ஓடிவந்து, அந்தப் புகை மறுபக்கத்து வால்வு வழியாக எப்படி வெளியே வருகிறது என்று குனிந்து பார்க்கிறார். அதற்குள் அது வந்து போய்விடுகிறது. மறுபடியும் ஊதுகிறார், மறுபடியும் ஓடுகிறார். எதிரே ஒரு முகக்கண்ணாடியை வைத்துக்கொண்டால் ஓடவேண்டாமே என்று யாரோ யோசனை சொன்னார்கள். "என் மூஞ்சியப் பாக்கவாங்க வேல செய்யறேன்?" என்று கேட்டுவிட்டார். மன்னார்புரம் சாலையில் போகிறவர்கள் இப்போதெல்லாம் நின்று பார்ப்பதில்லை.

மற்ற மெக்கானிக்குகள் ஓடாத வண்டியை ஓட வைப்பார்கள். இவர் ஓடுகிற வண்டியைக் கழற்றிப் போடுகிறவர். "இன்ஜின் குடிக்கறது பெட்ரோல் இல்லைங்க, காத்து. பெட்ரோல் சும்மா தொட்டுக்கத்தான்" என்பது அவர் கட்சி. காற்று உள்ளே போகிற வழியில், வார்ப்படம் வார்த்தவன் விட்டுவைத்த மேடும் பள்ளமும் கிடக்கும். அவற்றை அரத்தால் ராவி, உப்புத்தாளால் தேய்த்து, வளைவை நயமாக்கிவிட்டால், அதே இன்ஜின் கூடுதலாக இழுக்கும். புகை சுழலாமல், நெளியாமல், ஒரே சீராக வெளியே வந்தால் வேலை முடிந்தது என்று அர்த்தம்.

இந்த ஆராய்ச்சிக்கு உறையூர்ச் சுருட்டுதான் வேண்டுமாம். பீடிப் புகைக்குக் கனம் போதாதாம். தவக்காலத்தில் சுருட்டை விட்டுவிடுவதாகக் கோயிலில் சத்தியம் செய்திருப்பவர், பங்குச் சாமியார் அந்தப் பக்கம் வந்தபோது வாயும் புகையுமாக அகப்பட்டுக்கொண்டார். "இது குடிக்கறது இல்ல சாமி, பாக்கறது" என்றார் கூசாமல். சாமியார் சிரிப்பை அடக்கிக்கொண்டு சைக்கிளில் ஏறினார் என்று கேள்வி.

ஓட்டையைப் பெரிதாக்கினால் சக்தியும் பெரிதாகும் என்றுதான் அவரும் ஆரம்பத்தில் நம்பினார். அந்த நம்பிக்கையில் வீட்டு ஊதாங்குழலையும் விடவில்லை. மனைவி செல்வமேரி ஞாயிறு பூசைக்குப் போன நேரத்தில், அதன் நுனி ஓட்டையை இரண்டு மடங்கு அகலமாக்கி வைத்தார். திரும்பிவந்த செல்வமேரி ஊதினார், ஊதினார், கண்ணில் தண்ணீர் வந்ததே தவிர அடுப்பில் நெருப்பு வரவில்லை. "ஏங்க, என் நெஞ்சுல இருக்கற காத்து இருக்கறதுதான். வாசலப் பெருசாக்கினா அது மெதுவாப் போகாம என்னங்க செய்யும்?" என்றார். சவரிநாதன் அன்று சாப்பிடாமல் யோசித்தார். சாப்பிட ஒன்றும் ஆகியிருக்கவில்லை என்பதும் உண்மை. இப்போது அதே வாக்கியத்தை, தாம் கண்டுபிடித்தது போல, வருகிற டிரைவர்களுக்கெல்லாம் சொல்கிறார்.

தெரிவது வேறு, நிறுத்துவது வேறு. அரம் கைக்கு வந்துவிட்டால் அதைக் கீழே வைக்க அவருக்கு மனம் வராது. காற்று போகிற வழிக்கும், இன்ஜினைக் குளிர்விக்கத் தண்ணீர் ஓடுகிற அறைக்கும் நடுவே இருப்பது ஒரு மெல்லிய இரும்புச் சுவர்தான். ஒரு வக்கீலின் காரில், நயம் கூட்டிக் கூட்டிக் கடைசியில் அந்தச் சுவரைக் கடந்து தண்ணீருக்கே போய்ச் சேர்ந்தார். வக்கீல் அதன்பிறகு மன்னார்புரம் பக்கம் காரில் வந்ததில்லை. காரும் இல்லை.

இவரிடம்தான் ஷரபுன்னிசா தம் பேருந்தை அனுப்பினார். காலமான கணவர் விட்டுப்போன ஒரே வண்டி அது. யுத்தத்தில் மிஞ்சிய லாரிமேல் கூண்டு கட்டியது. காட்டூரிலிருந்து சத்திரம் வழியாக ஸ்ரீரங்கம் போகும். சத்திரம் தாண்டிக் காவிரிப் பாலத்து மேட்டில் மூச்சு முட்டி நின்றுவிடும். ஆண்கள் இறங்கித் தள்ளவேண்டும். ஒருநாள் பெருமாள் பல்லக்கு சுமக்கும் ஐயங்கார் ஒருவர் இறங்க மறுத்துவிட்டார். "அடியேன் பெருமாளை ஏளப்பண்ணப் போறேன் ஓய். பஸ்ஸை ஏளப்பண்றதுக்கு வேற ஆளைப் பாரும்" என்று டிரைவர் வீரமலையிடம் சொல்லிவிட்டுச் சௌகரியமாகச் சாய்ந்துகொண்டார். ஜனங்கள் பின்னால் வரும் புது வண்டிக்குத் தாவ ஆரம்பித்தார்கள். வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தையும் விட்டுவிட்டால் வண்டியை விற்பதைத் தவிர வேறு வழியில்லை.

சவரிநாதனின் கொட்டகை வாசலில் நின்ற ஜட்கா வண்டியின் திரைக்குப் பின்னாலிருந்து ஷரபுன்னிசா கேட்டார்: "ஹெட்டு ஓட்டையாயிட்டா வேற ஹெட்டு கிடைக்குமாண்ணே?"

"சீமைச் சாமான். இப்ப வரத்து இல்லீங்கம்மா."

"அப்ப எங்க வீட்டு அடுப்பு உங்க கையில. பாத்துச் செய்யுங்க."

சவரிநாதன் ஹெட்டைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். நாலு தேய்ப்புக்கு ஒருமுறை சுவரை ஆணியால் தட்டிக் காது கொடுத்தார். கெட்டியாகக் கேட்ட சத்தம் மெலிந்துகொண்டே வந்து, கடைசியில் அப்பளத்தைத் தட்டுவது போல ஆயிற்று. அரத்தைக் கீழே வைத்தார். எடுத்தார். வைத்தார். மறுபடி எடுப்பதற்குள் வீரமலை ஹெட்டைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வண்டிக்குப் போய்விட்டார்.

மறுநாள் மேட்டடியில் ஆண்கள் வழக்கம்போல இறங்கிப் பின்பக்கம் போய்க் கையை நீட்டினார்கள். கைக்கு வண்டி அகப்படவில்லை. அது பாட்டுக்கு மேடேறிப் போய்விட்டது. அவர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாதிப் பாலம்வரை துரத்திய பிறகுதான் வீரமலைக்கு ஆட்களை விட்டுவந்தது ஞாபகம் வந்தது. உள்ளே உட்கார்ந்திருந்த பெண்கள் அன்று சிரித்த சிரிப்பு ஸ்ரீரங்கம்வரை ஓயவில்லை.

சாயங்காலம் பேருந்து மன்னார்புரத்துக் கொட்டகை வாசலில் வந்து நின்றது. பின்னாலேயே ஜட்காவும் வந்தது. திரைக்குள் ஷரபுன்னிசா அழுதுகொண்டே சிரிப்பது கேட்டது. வீரமலைக்குத் தலைகால் புரியவில்லை. "அண்ணே, இப்பவே இப்படி இழுக்குதே. இன்னும் ஒரு சுத்து அரம் போட்டீங்கன்னா புது வண்டி நம்ம தூசியத்தாண்ணே திங்கணும். கழட்டட்டுமா?"

"நீங்க சொன்னா சரிதாண்ணே" என்று சவரிநாதனிடம் சொன்னார் ஷரபுன்னிசா.

சவரிநாதன் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். கைக்கெட்டும் தூரத்தில் அரம். நாலாவது ஓட்டையின் வளைவில் ஒரு சின்ன மேடு மிச்சம் இருப்பது அவருக்குத் தெரியும். காலையிலிருந்து அது அவரை அரித்துக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால் சுவர் எவ்வளவு மிச்சம் என்பதும் தெரியும்.

"போதும்மா. வண்டிய எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க. சீக்கிரம் போகச் சொல்லுங்க" என்றார்.

சொல்லிவிட்டு, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் கொடுத்து, அவற்றின்மேல் அழுத்தி உட்கார்ந்துகொண்டார்.