அப்பாவுக்கென்று கட்டிய பார்சல்

பனங்கட்டி கருகும் மணம் எங்கிருந்து வந்தாலும் எனக்கு முதலில் பசிக்கும். பிறகுதான் அழுகை வரும். யாழ்ப்பாணப் பட்டணத்தில், பேருந்து நிலையத்துக்குப் பின்புறமாக ஓடிய ஓர் ஒடுங்கிய ஒழுங்கையில், நாங்கள் எல்லோரும் ‘சைனீஸ் கடை’ என்று சொன்ன அந்தச் சின்னச் சாப்பாட்டுக் கடையின் மணம் அது. போர்க்காலப் பொருள் தடையால் சோயா சோஸ் வவுனியாவுக்கு இப்பால் வராத காலம். அதனால் கடை முதலாளியும் சமையற்காரருமான குலம் அண்ணை பனங்கட்டியைத் தாச்சியில் போட்டுக் கறுக்கும் வரை கருக்கி, புளியும் உப்பும் விட்டுக் காய்ச்சி, பழைய போத்தல்களில் அடைத்து வரிசையாக வைத்திருப்பார். அசல் சீனர் ஒருவர் அதை நாக்கில் வைத்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ, யார் கண்டது? நாங்கள் சாப்பாட்டுக் கோப்பையை விரலால் வழித்துத் தின்றோம்.

கடையில் சீனர் என்று மருந்துக்கும் ஒருவர் இல்லை. குலம் அண்ணை கொடிகாமத்து மனிதர். கொழும்பில் ஒரு சீனரின் குசினியில் பத்துப் பன்னிரண்டு வருடம் கோழி வெட்டியும் சோறு பிரட்டியும் இருந்தவர், எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் உடுத்த சாரத்தோடு கப்பலேறி வந்து, கையில் இருந்த ஒரே தொழிலை நம்பி ஐந்து மேசையோடு அந்தக் கடையைத் திறந்தார். வாசற் பலகையில் சீனத்து நாகம் ஒன்று கீறித் தரும்படி கோயில் வாகனங்களுக்கு வர்ணம் பூசும் ஒருவரிடம் சொல்ல, அவர் தனக்குத் தெரிந்த யாளியைக் கீறிவிட்டுப் போய்விட்டார். அதைப் பற்றி ஒருவரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. சனிக்கிழமை மத்தியானங்களில், சாப்பிட்டுக்கொண்டிருப்பவரின் கதிரைக்குப் பின்னாலேயே அடுத்தவர் வந்து நின்று, அவருடைய கோப்பையில் இன்னும் எத்தனை வாய் மிச்சம் என்று எட்டிப் பார்ப்பார். அப்படி வந்து நிற்பவர்களில் பாதிப்பேர், வீட்டு அடுப்பில் ‘மச்சம்’, அதாவது மீனோ இறைச்சியோ, ஏறவே கூடாத சைவக் குடும்பத்து ஆண்கள். ஒரே ஊர்க்காரர் இருவர் அங்கே சந்தித்துவிட்டால் ஒருவரையொருவர் காணாத மாதிரி இருந்துவிட வேண்டும். அதுதான் அங்கத்தைய மரியாதை. எங்கள் ஊர்க் கோயில் தர்மகர்த்தா ஒருநாள் அப்பாவைக் கண்டதும், கோழிக்காலை வாயில் வைத்தபடியே சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்பா வீடு வரும் வரைக்கும் சிரித்துக்கொண்டே சைக்கிள் மிதித்தார்.

அப்பா தபால் கந்தோரில் கிளாக்கர். எங்கள் வீடு நீர்வேலியில், வாழைத்தோட்டங்களுக்கு நடுவே. அம்மா பிறந்த நாளிலிருந்து மச்சம் தொடாதவர். முட்டை உடைத்த கையால் தன்னுடைய பானையைத் தொடவும் விடமாட்டார். ஆகவே இரண்டு மாதத்துக்கொரு தடவை என்னைச் சைக்கிள் பாரிலும் தம்பியைக் கரியரிலும் வைத்துக்கொண்டு அப்பா பட்டணத்துக்குப் புறப்படுவார். அப்பாவுக்குக் கோழி ஈரல் என்றால் உயிர். குலம் அண்ணை அதை மறக்கமாட்டார். கேட்காமலே கோப்பையின் ஓரத்தில் இரண்டு துண்டு வைத்து, “ஐயாவுக்கெண்டு எடுத்து வைச்சனான்” என்பார்.

திரும்பி வந்தால் நேரே கிணற்றடிதான். “வாளியிலை தண்ணி அள்ளி வைச்சிருக்கு, தோய்ஞ்சு போட்டு உள்ளுக்கு வாங்கோ” என்று அம்மாவின் குரல் மட்டும் வரும். நாங்கள் தலை துவட்டி முடிப்பதற்குள் அவரே வாசலில் வந்து நிற்பார். “மெய்யேப்பா, இண்டைக்கு என்ன தந்தவர்?” என்று மெல்லக் கேட்பார். “உமக்கேன் அந்தப் பாவக்கதை?” என்று அப்பா பகிடி பண்ணுவார். “சும்மா கேட்டனான்” என்பார் அம்மா; ஆனால் நின்ற இடத்தை விட்டு அசையமாட்டார். நான் ஒன்று விடாமல் சொல்ல வேண்டும். நூடில்ஸ் எவ்வளவு நீளம், கோழி என்ன நிறம், தர்மகர்த்தா எந்தப் பக்கம் திரும்பினார் என்பது வரைக்கும், “சிவ சிவா, சிவ சிவா” என்று சொல்லிச் சொல்லியே முழுவதையும் கேட்டு முடிப்பார்.

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டுத் தொடக்கத்தில் அப்பா இடமாற்ற அலுவலாகக் கொழும்புக்குப் போக வேண்டி வந்தது. தரைப்பாதை பூட்டியிருந்ததால், கிளாலிக்குப் போய் அங்கிருந்து வள்ளத்தில் கடல்நீரேரியைக் கடந்துதான் அந்த நாட்களில் சனம் போகும். புறப்பட்ட அன்று என்னிடம், “இந்தத் தவணைச் சோதினையிலை வகுப்பிலை முதலாம் பிள்ளையாய் வந்தியெண்டால் சைனீஸ் கடைக்குப் போவம், என்ன?” என்றார். அந்தக் கிழமை கடலில் வள்ளங்களுக்குத் துப்பாக்கிச் சூடு விழுந்தது. சில உடல்கள் கரைக்கு வந்தன. அப்பா வரவில்லை, உயிராகவும் வரவில்லை, உடலாகவும் வரவில்லை. கரையில் அவர் விட்டுப்போன சைக்கிளை மட்டும் யாரோ ஒரு புண்ணியவான் உருட்டிக்கொண்டு வந்து தந்தார்.

பெரியப்பா, அப்பாவின் தமையன், கெட்டவர் அல்லர். தம்பி கரையேறாமல் அலைகிறானே என்று மெய்யாகவே தவித்தார். உடல் கிடைக்காவிட்டால் தர்ப்பையில் உருவம் செய்து எரிக்கலாம், எட்டாம் நாள் அவருக்கு விருப்பமான சாப்பாடுகளை எல்லாம் படத்துக்கு முன்னால் படைத்து ‘எட்டுச் செலவு’ செய்யலாம், ஐயரிடம் கேட்டுவிட்டேன் என்று மூன்றாம் மாதமே வந்து இருந்துவிட்டார். “எத்தினை நாளைக்குப் பிள்ளை இப்பிடி? முறையைச் செய்வம்” என்றார். அம்மா முகத்தைக் கூடத் திருப்பவில்லை. “அவர் செத்தவரெண்டு ஆர் கண்டது, அத்தான்? நீங்கள் கண்டனீங்களோ? படைச்சால் முடிஞ்சுது. நான் இந்தப் பொட்டை அழிக்க வேணும், இதுகள் தேப்பனில்லாப் பிள்ளையள். உந்தக் கதையை இனி எடுக்காதேங்கோ” என்றார். பெரியப்பா மாதம் தவறாமல் எடுத்தார்.

அந்தத் தவணை நான் முதலாம் பிள்ளையாக வந்தேன். எனக்குப் பத்து வயது. நான் என் சொல்லைக் காப்பாற்றிவிட்டேன், இனி அப்பா தன் சொல்லைக் காப்பாற்றித்தானே ஆக வேண்டும் என்று ஒரு விசர் நம்பிக்கை. அம்மா கோயில் அன்னதானத்துக்குக் காய் வெட்டப் போயிருந்த ஒரு சனிக்கிழமை, தம்பியைக் கரியரில் ஏற்றி, அப்பாவின் சைக்கிள் பாருக்குக் கீழால் காலை விட்டு மிதித்து, முழங்கால் உரசுப்பட்டு ஒருவழியாகப் பட்டணம் போய்ச் சேர்ந்தேன். அப்பாவைக் காணவில்லை என்ற செய்தி குலம் அண்ணையின் காதுக்கும் எட்டியிருந்தது. அகப்பையோடு வெளியே வந்தார். “ஐயா வந்திட்டாரே பிள்ளை?” என்றார்.

அந்த முகம் அப்படி மலர்ந்துவிட்டது. இல்லையென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “ஓம்” என்றேன். தம்பி என்னை நிமிர்ந்து பார்த்தான்.

“அப்ப ஏன் அவரைக் காணேல்லை?” என்றார் குலம் அண்ணை.

“களைச்சுப்போய்ப் படுத்திருக்கிறார்.”

“ஆண்டவரே! படுக்கட்டும், படுக்கட்டும்” என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே ஓடியவர், மூன்று பார்சல் கட்டிக்கொண்டு வந்தார், காசை எடுக்க விடவில்லை. ஒன்றுக்கு மட்டும் சணலால் ஒரு முடிச்சுக் கூடப் போட்டு, “இது ஐயான்ரை. ஈரல் கிடக்கு. ஆற முன்னம் குடும்” என்றார்.

வீட்டுக்கு வந்தோம். அம்மா இன்னும் வரவில்லை. எங்கள் வீட்டில் அப்பாவுக்குப் போட்ட பிறகுதான் மற்றவர்களுக்குப் போடுவது. நான் சுவரிலிருந்த அப்பாவின் படத்தைக் கழற்றி விறாந்தைச் சுவரில் சாய்த்து, அதன் முன்னால் அந்தப் பார்சலைப் பிரித்து வாழையிலையோடு வைத்து, பக்கத்தில் ஒரு செம்பு தண்ணீரும் வைத்தேன். எனக்கு அது அப்பாவுக்குச் சாப்பாடு போடுவது; அவ்வளவுதான். வேறு ஒரு நினைப்பும் எனக்கு இருக்கவில்லை என்று எந்தக் கோயிலிலும் சத்தியம் செய்வேன்.

வாசலில் நிழல் தட்டியது. அம்மா, அவருக்குப் பின்னால், வழக்கம்போலக் கதைத்துக்கொண்டு வந்த பெரியப்பா. படத்தையும் இலையையும் கண்டதும் அவர் கதை நின்றது. “கடவுளே! பாத்தியே பிள்ளை? இந்தக் குஞ்சுக்கு விளங்கினது உனக்கு விளங்கேல்லை. என்ரை தம்பி தானே கேட்டு வாங்கியிருக்கிறான். ஆரும் கை வையாதேங்கோ, அப்பிடியே இருக்கட்டும். ஒரு கற்பூரத்தைக் கொண்டா, கொளுத்துவம்” என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஐயோ, என்ரை கையாலேயே அப்பாவைச் சாக்காட்டிப்போட்டேனே என்று நினைத்தேன்.

அம்மா அடிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. அவர் படத்துக்கு முன்னால் போய்ச் சம்மணம் கட்டி இருந்தார். இலையைத் தன் பக்கம் இழுத்தார்.

“இது படையல் இல்லை, அத்தான். படைச்சதிலை ஆரும் இப்பிடிக் கை வைப்பினமே? இது என்ரை பிள்ளையள் எனக்கு வாங்கிவந்த சாப்பாடு.”

சொல்லிவிட்டு, சோற்றையும் ஈரலையும் ஒன்றாகப் பிசைந்து வாயில் வைத்தார். முப்பத்தாறு வருடம் மச்சம் படாத வாய். கண்ணால் தண்ணீர் ஓட, குமட்டிக் குமட்டி விழுங்கி, இலையில் ஒரு பருக்கை மிச்சமில்லாமல் தின்றார். “போதுமடி பிள்ளை, விடு, போதும்” என்று பெரியப்பா கெஞ்சினார். பிறகு சால்வையால் முகத்தைப் பொத்திக்கொண்டு படலையைத் தாண்டிப் போனார். சாகும் வரை அந்தக் கதையை அவர் மறுபடி எடுக்கவில்லை. அம்மா கிணற்றடியில் நெடுநேரம் சத்தி எடுத்தார். நானும் தம்பியும் எங்கள் பார்சல்களைப் பிரிக்கவில்லை.

பொய் சொன்ன வெட்கத்தில் அதன்பின் நான் அந்தக் கடைப் பக்கம் போகவில்லை. தொண்ணூற்றைந்து ஐப்பசியில், இராணுவம் நெருங்கி வர, வலிகாமத்துச் சனம் முழுவதும் எழுந்து தென்மராட்சிக்கு நடந்தபோது குலம் அண்ணையும் கடையைப் பூட்டிக்கொண்டு நடந்திருக்க வேண்டும். நாங்கள் திரும்பி வந்தபோது பலகை இல்லை, மேசைகள் இல்லை. குலம் அண்ணை எங்கே என்று சொல்ல ஒருவருமில்லை. அப்பா வந்துவிட்டார் என்றே அவர் இன்றைக்கும் நம்பிக்கொண்டிருக்கலாம். அந்த இடத்தில் இப்போது கைத்தொலைபேசி விற்கிறார்கள். பட்டணத்தில் குளிரூட்டிய சீனச் சாப்பாட்டுக் கடைகள் நாலைந்து இருக்கின்றன. சோயா சோஸ் தாராளம், யாரும் யாரையும் கண்டு சுவர்ப் பக்கம் திரும்புவதில்லை.

எனக்கு இப்போது அப்பாவை விட வயது கூட. அவர் இல்லை என்பது எனக்கு எப்போதோ தெரிந்துவிட்டது. தம்பிக்கும் தெரியும், நாங்கள் இருவரும் அதை வாய்விட்டுப் பேசியதில்லை. அம்மா என்னோடுதான் இருக்கிறார். தகப்பனை இழந்தவர்கள் எல்லோரும் விரதம் இருக்கும் ஆடி அமாவாசையன்று எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டிலும் மச்சம் சமைக்கமாட்டார்கள். விடிந்ததும் அம்மா என்னைக் கூப்பிடுவார். “நீ ஏன் பிள்ளை சைவம்? உனக்குத் தேப்பன் இருக்கிறார். போய் மீன் வாங்கிக்கொண்டு வா” என்பார். சந்தை வெறிச்சோடிக் கிடக்கும். ஆறேழு மீனோடு யாரோ ஒருவர் குந்தியிருப்பார். அதை வாங்கி வந்து காய்ச்சி, அம்மா எதிரில் இருந்து பார்த்துக்கொண்டிருக்க, நான் தின்கிறேன். ஒரு வருடமும் அது தொண்டையால் சரியாக இறங்கியதில்லை.