சிமீயாவுக்கு முன்னால்

‘மெத்தூசலா’ என்று உதடு அசைந்தால் ஓர் இழை. ‘லாமேக்கு’ என்றால் அடுத்த இழை. இந்திராணியின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, பழைய நூலின் நுனியையும் புது நூலின் நுனியையும் சேர்த்து ஒரே முறுக்காக முறுக்கி விடுகின்றன. முடிச்சு கிடையாது, வெறும் முறுக்குதான். இழுத்துப் பாருங்கள், அசையாது. தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு ஒன்று நெய்து முடிந்து புதுப் பாவு ஏறும்போதெல்லாம் இப்படி நாலாயிரத்துச் சொச்சம் இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைத்தாக வேண்டும். பிள்ளையார்பாளையத்தில் அந்த வேலைக்கு இந்திராணியைக் கூப்பிடாத தெரு இல்லை. காலையில் தறிக்குள் இறங்கி உட்கார்ந்தாரானால், ஆதாமில் புறப்பட்ட வேதாகம வம்சம் சாப்பாட்டு வேளைக்குள் எத்தனையோ தலைமுறை தாண்டி வந்துவிடும்.

நெசவாளர் குமாரசாமிக்கு இது பழகிப்போன சங்கதி. காலையில் ஏகாம்பரநாதரைக் கும்பிட்டுவிட்டு, நெற்றி நிறையப் பட்டையோடு வந்து எட்டிப் பார்ப்பார்.

“இன்னாம்மா இந்திராணி, உங்காளுங்க எதுவரிக்கும் வந்துக்கினு இருக்காங்க?”

“போவாஸ் வந்துட்டாருண்ணா. டீ குடிச்சிட்டா ஓபேத்து வந்துடுவாரு.”

அந்த வீட்டில் பிணைக்கத் தொட்டுக்கொள்கிற சாம்பலும் குமாரசாமியின் திருநீற்று டப்பாவிலிருந்து வருவதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை வெள்ளை பூத்த விரல்களோடு இந்திராணி நற்கருணைக்குக் கையை நீட்டியதைச் சபைச் செயலாளர் தேவேந்திரன் பார்த்துவிட்டார். ஆராதனை முடிந்து வாசலில் மடக்கிப் பிடித்தார். “இன்னாக்கா இது, விபூதியா?” என்றார். “சாம்பல் சாம்பல்தாம்பா. யோபு எதுல ஒக்காந்துக்கினு இருந்தாரு? போய்ப் படிச்சுப் பாரு” என்று சொல்லிவிட்டு இந்திராணி பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார். தேவேந்திரன் வீட்டுக்குப் போய்ப் படித்தாரோ என்னவோ, அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இந்திராணிக்கு வயது ஐம்பத்தெட்டு. படிப்பு அஞ்சாங்கிளாஸ். பெரிய எழுத்து வேதாகமம் ஒன்று வைத்திருக்கிறார். தூக்கினால் கை வலிக்கும். வரிக்குக் கீழே விரலை வைத்து, எழுத்தெழுத்தாக நகர்த்தி, உரக்கத்தான் படிப்பார். மனசுக்குள் படிக்கத் தெரியாது. ஆச்சரியமாக ஏதாவது கண்ணில் பட்டால், பாவில் மிச்சம் விழுந்த பட்டு நூலில் ஒரு துண்டை எடுத்து அந்தப் பக்கத்தில் வைத்துவிடுவார். அரக்கு, மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை என்று புத்தகத்தின் மூன்று பக்கமும் நூல் தொங்குகிறது. மூடினால் மூடிக்கொள்ளாத அளவுக்குப் பருத்துவிட்டது.

அந்த நூல்கள் எல்லாரும் அடிக்கோடு போடுகிற இடங்களில் இருக்கும் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். மேய்ப்பனைப் பற்றிய சங்கீதத்தில் ஒரு நூல்கூட இல்லை. மலைப் பிரசங்கத்தில் இரண்டே இரண்டு. எல்லாம் பெயர்ப் பட்டியல்களில்தான் குவிந்து கிடக்கின்றன. அவன் மகன் இவன், இவன் மகன் அவன் என்று பக்கம் பக்கமாக ஓடுமே, நல்ல விசுவாசிகள்கூட இரண்டு பக்கத்தைச் சேர்த்துப் புரட்டிவிடுவார்களே, அங்கேதான். கழுதை மேய்க்கப் போன இடத்தில் கோவேறு கழுதையைக் கண்டுபிடித்தான் என்று ஒருவனைப் பற்றி ஒரே ஒரு வரி இருக்கிறது. அதற்கு ஒரு பச்சை நூல். எருசலேமின் மதிலைப் பழுதுபார்க்கத் தன் பெண்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்தவன் ஒருவன். அவனுக்கு இரண்டு நூல்.

“கடல் ரெண்டா பொளந்தது பெரிய விஷயந்தான், யாரு இல்லன்றது?” என்பார். “ஆனா கடலைப் பொளக்கறவருக்குக் கழுதை மேய்ச்சவன் பேரு ஞாபகம் இருக்குது பாரு. அதைத்தாம்பா என்னால தாங்க முடியல.” சொல்லும்போதே கையில் ரோமம் சிலிர்த்து நிற்கும். நீட்டிக் காட்டுவார்.

ஒருநாள் வேதாகமத்தில் நாளாகமத்தின் நடுவே மெல்லிய துணி நெய்த ஒரு வீட்டாரைப் பற்றிப் படித்துவிட்டு, மறுநாள் காலை ஓட்டமும் நடையுமாக வந்தார். “அண்ணா, உங்க தொழில்காரங்க பேரு உள்ள இருக்குது! ஒரு குடும்பமே இருக்குது!” குமாரசாமி நெய்வதை நிறுத்திவிட்டார். ஊடுநூல் ஓட்டும் நாடாவைக் கையில் பிடித்தபடி நெடுநேரம் யோசித்துவிட்டு, “எத்தினி இழைன்னு போட்டிருக்குதா?” என்று கேட்டார். போடவில்லை. ஆனாலும் அன்றைக்கெல்லாம் அவர் தறிச் சத்தத்தில் ஒரு மிதப்பு இருந்தது என்று இந்திராணி சத்தியம் செய்கிறார்.

இவ்வளவு பெயர்களில் அவர் தேடிக்கொண்டிருந்தது ஒரு பெயரை அல்ல.

இந்திராணியைப் பார்த்து எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால், “கையில ரெண்டு” என்பார். மூத்தவன் ஒன்பது நாள் இருந்தான். ஞானஸ்நானத்தன்று பெயர் வைத்துக்கொள்ளலாம் என்று இருந்தார்கள். அந்த நாள் வரவில்லை. ஆஸ்பத்திரியில் மணிக்கட்டில் கட்டிய அட்டையில் ‘இந்திராணி குழந்தை’ என்று எழுதியிருந்தது. அவனைப் பற்றி உலகத்தில் எழுதப்பட்டது அவ்வளவுதான். அதுவும் அம்மா பெயர். சபைப் பதிவேட்டில் அவன் இல்லை. ரேஷன் கார்டிலும் ஏறவில்லை. முப்பத்தாறு வருடம் ஆகிறது. வந்துபோன ஆயர்கள் எல்லாரும், “பிள்ளை ஆண்டவர் மடியில இருக்கான்மா” என்று அன்பாகத்தான் சொன்னார்கள். இந்திராணி நம்பாமல் இல்லை. ஆனால் கழுதை மேய்த்தவனைக்கூட மறக்காத புத்தகத்தில், பெயரே வைக்காமல் போன பிள்ளைக்கு ஓர் இடம் இருக்கிறதா? அதைத் தன் விரலால் தொட்டுப் பார்த்துவிட வேண்டும் அவருக்கு.

போன வருடம் ஐப்பசி அடைமழையில் கண்டுபிடித்தார். மழையில் தெருவில் விரித்துப் பாவு ஓட்டவும் முடியாது, பிணைக்கவும் முடியாது. வீட்டில் சும்மா இருந்தவர் வேதாகமத்தில் இரண்டாம் சாமுவேல் புத்தகத்தை எடுத்தார். தாவீது ராஜாவுக்கும் பத்சேபாளுக்கும் பிறந்த முதல் குழந்தை நோயில் விழுகிறது. ராஜா சாப்பிடாமல் தரையில் கிடக்கிறான். ஏழாம் நாள் குழந்தை போய்விடுகிறது. பெயர் இல்லை. இந்திராணிக்குச் சுரீரென்றது. அவசர அவசரமாக நாளாகமத்துக்குத் தாவி, தாவீதின் பிள்ளைகள் பட்டியலை எடுத்தார். அந்தத் தாயின் பிள்ளைகள் நாலுபேர் வரிசையாக இருந்தார்கள். முதல் பெயர் சிமீயா. கடைசியில் சாலொமோன். அந்தக் குழந்தை இல்லை. மேலும் கீழும் நாலு தடவை விரலை ஓட்டினார். இல்லவே இல்லை.

புத்தகத்தை மூடினவர் மூன்று நாள் தொடவில்லை. ராஜா வீட்டுப் பிள்ளைக்கே இடமில்லையென்றால் பாவு பிணைக்கிறவள் பிள்ளை எங்கே நிற்பான்? ஆண்டவர்மேல் அப்படியொரு கோபம். ஜெபத்துக்கு உட்கார்ந்தால் ஆமென் மட்டும் சொல்லிவிட்டு எழுந்துவிடுவார்.

நாலாம் நாள் உலையில் அரிசி போட்டுக்கொண்டிருந்தபோது ஒன்று உறைத்தது. அரிசிக் கையோடு அப்படியே நின்றுவிட்டார். பட்டியலில் இருக்கிற சிமீயா எப்படி இருந்தான், என்ன செய்தான் என்று எங்கேயும் ஒரு வார்த்தை இல்லை. பெயர் இல்லாத அந்தக் குழந்தைக்கோ ஏழு நாளும் எழுதப்பட்டிருக்கிறது. தகப்பன் தரையில் கிடந்தது, வேலைக்காரர்கள் சொல்லப் பயந்து கிசுகிசுத்தது, அவன் எழுந்து முகம் கழுவியது, நான் அவனிடம் போவேன், அவன் என்னிடம் திரும்பி வரமாட்டான் என்று சொன்னது, எல்லாம். “பேரை எழுதல. ஆனா ஒரு நாளைக்கூட வுடல பாரு” என்று குமாரசாமியிடம் சொன்னார் இந்திராணி. “எம்மாம் பெரிய புஸ்தகம்ணா இது! நம்ம ஒம்போது நாளும் அவருகிட்ட இருக்குது.” குமாரசாமி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

இந்த வருடம் சபையின் ஆண்டுவிழாவை ஒட்டித் தொடர் வேத வாசிப்பு வைத்தார்கள். ஆதியாகமம் தொடங்கிக் கடைசிவரை, ஆளுக்கு அரைமணி நேரம், ஒருவர் விட்ட இடத்தில் அடுத்தவர் தொடர வேண்டும். தேவேந்திரன் அட்டவணை போட்டார். “நாளாகமத்துல பேருங்க வர்ற எடத்தை மட்டும் வுட்டுட்டுப் போலாம். டைம் இல்ல. ஜனங்க தூங்கிடுவாங்க” என்றார். இந்திராணி எழுந்துவிட்டார். “இன்னாப்பா பேசற? எழுதினவரு தூங்கலியே. எனக்குக் குடு அதை. நான் படிக்கறேன்.” வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணி அவருக்கு ஒதுக்கப்பட்டது.

வாங்கிக்கொண்டு வந்த பிறகுதான் பயம் பிடித்தது. பெயர்களைப் பற்றிய பயம் இல்லை, அவை தண்ணீர்பட்ட பாடு. தாவீதின் பிள்ளைகள் வரும் மூன்றாம் அதிகாரம்தான். “அத்தினி பேருக்கு முன்னாடி நின்னுக்கினு, என் வாயாலயே அந்தப் புள்ளயத் தாண்டிப் போவணுமேண்ணா” என்றார் குமாரசாமியிடம்.

“ஒரு வார்த்த நீயா சேத்துப் படிச்சுடேன்.”

“ஐயையோ! கூட்டவும் கூடாது, கொறைக்கவும் கூடாது.”

“அப்ப இன்னா பண்ணுவ?”

“தெரியலண்ணா.”

வெள்ளிக்கிழமை குமாரசாமி தறியை நிறுத்திவிட்டு வந்தார். நெசவாளர் வீட்டார் பெயரைக் கேட்க வந்ததாகச் சொல்லிக்கொண்டார். செருப்பை வாசலில் விட்டு, பட்டையும் வேட்டியுமாகக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். உள்ளே இருபது இருபத்தைந்து பேர் இருந்தார்கள். மின்விசிறிக்கடியில் பாதிப்பேருக்குக் கண் சொருகியிருந்தது. இந்திராணி முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு வாசிப்பு மேடையில் நின்றார். வாசிப்பவருக்கு வரி தவறினால் எடுத்துக் கொடுக்க, புதிதாக வந்திருந்த இளம் ஆயர் பக்கத்தில் நின்றார்.

ஆதாமிலிருந்து எடுத்தார். ஒரு பெயரையும் விழுங்கவில்லை. ஒவ்வொன்றையும் முழுசாகச் சொல்லி, ஒரு நொடி இருந்து, அடுத்ததைத் தொட்டார். ஏதோ ஒவ்வொருத்தரும் வாசல் வழியாக உள்ளே வந்து உட்காருவதுபோல இருந்தது. சொருகின கண்கள் ஒன்றிரண்டு திறந்துகொண்டன. தேவேந்திரன் கடிகாரம் பார்ப்பதை விட்டுவிட்டார். இரண்டாம் அதிகாரம் முடிந்தது. மூன்றாம் அதிகாரத்தில் தாவீதுக்கு எப்ரோனில் பிறந்த பிள்ளைகள் முடிந்து, எருசலேமில் பிறந்தவர்களிடம் வந்தார். அந்தத் தாயின் பெயரைப் படித்தார். நின்றுவிட்டார்.

ஆயர், பாவம், வயசானவருக்கு வரி தவறிவிட்டது என்று நினைத்து, குனிந்து ‘சிமீயா’ என்ற எழுத்தின்மேல் விரலை வைத்துக் காட்டினார். இந்திராணி அந்த விரலை மெல்ல ஒதுக்கிவிட்டார். சிமீயாவுக்கு முன்னால், இரண்டு வார்த்தைக்கு நடுவில், ஒரு நெல் அகலத்துக்கு எழுத்தில்லாத இடம் இருந்தது. அங்கே தன் விரலை வைத்தார்.

கடைசி பெஞ்சில் குமாரசாமி எழுந்து நின்றார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். அவருக்கு முன்னால் இருந்த பெண்மணி திரும்பிப் பார்த்து, எழுந்து நிற்க வேண்டிய பகுதிபோலிருக்கிறது, நாம்தான் கவனிக்கவில்லை என்று பதறி எழுந்தார். அவரைப் பார்த்து அவர் குடும்பம் எழுந்தது. தூங்கினவர்களைப் பக்கத்திலிருந்தவர்கள் தட்டி எழுப்பினார்கள். அட்டவணையை இப்படியும் அப்படியும் புரட்டிப் பார்த்துவிட்டுத் தேவேந்திரனும் எழுந்தார். எதற்கென்று தெரியாமல் ஆயரும் கைகட்டி நின்றார்.

இந்திராணி தலை நிமிர்ந்தார். ஆலயத்தில் ஒருவர் மிச்சமில்லாமல் எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்க இடது கையைத் தூக்கினார். வலது கைவிரலை மட்டும் அந்த இடத்திலிருந்து எடுக்கவில்லை.