கீப்பரைக் கொடுத்து வலை வாங்கிய கதை

ஜெர்சியில் பெயர் ஒட்டுகிறவனுக்கு இரண்டு வேலை தெரிந்தால் போதும்: ஒட்டத் தெரிய வேண்டும், ஒட்டியதைத் துணி கிழியாமல் உரிக்கத் தெரிய வேண்டும். மூன்றாவதாக ஒன்று உண்டு, வாயை மூடிக்கொண்டு நிற்பது. அதை எந்தக் கல்லூரியிலும் சொல்லித் தருவதில்லை என்பது, கவுண்டருக்குப் பின்னால் நின்று பிழைக்கிற உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

நான் பி.எஸ்ஸி. கணிதம். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி. அப்பாவும் அம்மாவும் ராஜபாளையத்தில் நூற்பாலை வேலை பார்த்துப் படிக்க வைத்தார்கள். எட்டு மாதமாக இதே ஊரில் ஒரு ஜெர்சிக் கடையில், எழுத்தைச் சூட்டில் அழுத்தி ஒட்டும் ஹீட் பிரஸ் மெஷினோடு நிற்கிறேன். அம்மா சொந்தக்காரர்களிடம் "பிரிண்டிங் டெக்னாலஜி" என்று சொல்லி வைத்திருக்கிறாள். நான் திருத்தவில்லை.

பெயர் வேண்டாம்

முருகேசன் அண்ணாச்சி மில் ஃபிட்டர். ஐரோப்பாவில் ஒரு பெரிய ஃபுட்பால் கிளப்பை இங்கிருந்தபடியே நிர்வகித்து வருகிறார். போன சீசனில் போனில் ஏதோ செய்தி பார்த்துவிட்டு, அந்த கிளப்புக்கு வரப்போவதாகச் சொல்லப்பட்ட ஆட்டக்காரர் பெயரை ஒட்டச் சொன்னார். "வந்து சேரட்டுமே அண்ணாச்சி" என்றேன். "வந்த மாதிரிதான்" என்றார். அந்த ஆள் வேறு கிளப்புக்குப் போனார். உரித்தேன். அடுத்ததாக, கிளப்பில் ஏற்கெனவே இருக்கிற ஆட்டக்காரர்களிலேயே நல்லவர் ஒருவரின் பெயரை ஒட்டினோம். அவரை கிளப்பே விற்றுவிட்டது. மறுபடி உரித்தேன். உரித்த இடத்தில் எழுத்தின் தடம் மட்டும் மங்கலாக நிற்கும். அண்ணாச்சியின் முதுகைப் பார்த்தால் அந்த கிளப்பின் ஒரு சீசன் வரலாற்றைப் படித்துவிடலாம்.

மூன்றாம் முறை வந்தபோது ஜெர்சியைக் கவுண்டரில் விரித்து, நீவிவிட்டு, ஒரு முடிவோடு சொன்னார்: "பேரு வேண்டாம்லே. நம்பர மட்டும் போடு. நம்பர எவனும் வித்துர மாட்டான்லா?"

நல்ல வலை

ஐரோப்பாவை விடுங்கள். எங்கள் ஊரில் மேலத்தெரு அணி என்று ஒன்று இருக்கிறது, ஏழு பேர் ஆடும் செவன்ஸ் டீம். போன வருடம் அது தன் கோல் கீப்பர் பாண்டியை ஸ்ரீவில்லிபுத்தூர் அணி ஒன்றுக்குக் கொடுத்தது. பதிலுக்கு ஒரு புது கோல் வலையும் இரண்டு பந்தும் வாங்கிக்கொண்டது. பாண்டி இடத்துக்கு வ. புதுப்பட்டியிலிருந்து செல்வம் என்ற ஆறடிப் பையன் வந்தான். தலைக்கு மேலே வரும் எதையும் விடமாட்டான். பந்து தரையோடும் வரும் என்பதை மட்டும் யாரும் அவனுக்குச் சொல்லவில்லை.

முன்பெல்லாம் எங்கள் கோல் கம்பத்தில் வலையே கிடையாது. பந்து உள்ளே போனதா வெளியே போனதா என்று அரை மணி நேரம் சண்டை போட்டே நாலைந்து கோல்களைத் தடுத்திருக்கிறோம். பாண்டி விட்டதை எங்கள் வாய் பிடித்தது. வலை வந்த பிறகு அந்த வசதியும் போயிற்று. ஒரு மேட்ச் முடிந்த மறுநாள், கடைக்கு எதிரே ஸ்பேர் பார்ட்ஸ் விற்கும் ராஜு அண்ணன் நியாயமாகவே பேசினார்: "வலையக் குத்தம் சொல்லாதீக. நம்ம டீமுக்கு வந்ததுலயே ஒழுங்காப் பந்து பிடிக்கிறது அது ஒண்ணுதான்."

சிவப்பு அடிக்கோடு

இங்கே உங்களிடம் மட்டும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பாண்டியைக் கொடுக்கலாம் என்று யோசனை சொன்னவன் நான்.

அப்போது வேலை தேடிக்கொண்டிருந்தேன். படித்த படிப்பு வீணாகக் கூடாதே என்று மேலத்தெரு ஆடிய எல்லா மேட்சுக்கும் ஒரு நோட்டு போட்டேன். பாண்டி விட்ட ஒவ்வொரு கோலும் எந்த நிமிடம், எந்தப் பக்கம் என்று அதில் இருக்கிறது. பாதிக்கு மேல் தலைக்கு மேலே போனவை. பாண்டி குள்ளம். ஆகவே உயரமான கீப்பர் தேவை என்று எழுதி, ஸ்கேல் வைத்துச் சிவப்பு மையில் அடிக்கோடும் போட்டேன். நான் எதையும் கவனமாகச் செய்கிறவன். ஆனால் பாண்டி பிடித்த பந்துகளை நான் எழுதவே இல்லை. கோல் விழுந்தால்தான் ஜனம் கத்தும், கத்தினால்தான் நோட்டிலிருந்து தலையைத் தூக்குவேன். எதால் வகுக்க வேண்டுமோ அந்த எண்ணையே விட்டுவிட்டு விடை எழுதியவனுக்குத்தான் பல்கலைக்கழகம் முதல் வகுப்பு கொடுத்திருக்கிறது.

அணிக்கு அப்போது மேனேஜர் ஹவில்தார் மாமா. ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்று வந்தவர். நோட்டை இரண்டு நாள் வீட்டில் வைத்துப் படித்தார். ஒரு தடவைகூட "நிச்சயமா?" என்று கேட்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் கொடுத்தனுப்பிய காகிதத்தைத் தன் வீட்டுத் திண்ணையில் விரித்து, என்னிடம் மட்டும் சொன்னார்: "படிச்ச பய நீ கணக்குப் போட்டுச் சொல்லிட்ட. பொறவு என்ன, கையெழுத்தப் போட்டுருதேன்."

முன்னால் போடு

நடுவே ஒரு சின்ன ஆறுதல். மேலத்தெரு அணியின் மாற்று ஆட்டக்காரன் ஒருவனுக்கு ஜெர்சி தைத்து வந்திருந்தது. வாங்க வந்தவர் அவனுடைய சொந்த அக்கா. பெயரை முதுகில் ஒட்டட்டுமா என்று கேட்டேன். எல்லோரும் முதுகில்தான் ஒட்டுவார்கள், இருந்தாலும் கேட்பது என் வழக்கம். அந்த அக்கா தம்பியின் ஆட்டத்தை முழுவதும் கவனித்தவர்: "முன்னாடி போடுய்யா. பூரா நேரமும் பெஞ்சுல சாஞ்சுக்கிட்டுதான இருக்கான், முதுக யாரு பாக்கப் போறா?"

கை சுட்ட நாள்

மேலத்தெரு, ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய் நாலு கோல் வாங்கிக்கொண்டு வந்தது. மூன்று, செல்வத்தின் இரண்டு காலுக்கும் நடுவே. அந்தப் பக்கம் பாண்டி ஒன்றையும் விடவில்லை. அன்றுதான் நானும் முதல் தடவையாக, பாண்டி பிடித்த பந்துகளை எண்ணினேன். பாதியில் நிறுத்திவிட்டேன்.

மறுநாள் காலை கடையில் விசாரணை. "செல்வத்துக்குப் பத்துக்கு எம்புட்டு போடுவீரு?" என்றார் ராஜு அண்ணன். "ரெண்டு" என்றார் முருகேசன் அண்ணாச்சி. "நேரத்துக்கு வந்தான், அதுக்கு ஒண்ணு. சட்டைய மாத்திப் போடாம வந்தான், அதுக்கு ஒண்ணு. அவனச் சொல்லி என்ன செய்ய? பாண்டியக் குடுத்த மனுசனக் கேக்கணும். மிலிட்டரிலயும் இந்த ஹவில்தாரு துப்பாக்கியக் குடுத்துட்டு பூட்ஸ் வாங்கிட்டு வந்திருப்பாரு!" கடையே சிரித்தது. வாசலில், மருமகனின் பள்ளி டி-ஷர்ட்டை வாங்க வந்த ஹவில்தார் மாமா நின்றுகொண்டிருந்தார்.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். முதலாளி கல்லாவிலிருந்து என்னைப் பார்த்தார். கடைக்கு வரும் ஆர்டரில் பாதி இந்த ஃபுட்பால் ஆட்கள் கொடுப்பது. வாயை மூடினேன். கை மட்டும் பிரஸ்ஸின் சூட்டுத் தட்டில் போய்ப் பட்டுவிட்டது. தன்னைக் கேலி செய்த யாரையும் ஹவில்தார் மாமா ஏறிட்டுப் பார்க்கவில்லை. என் பெயரையும் சொல்லவில்லை. டி-ஷர்ட்டை மடித்துக் கையில் வாங்கிக்கொண்டு என் விரலைப் பார்த்தார்: "ஏலே, மொதல்ல தண்ணிய ஊத்து. பேசுதவன் பேசிட்டுப் போறான்."

இருபது பாண்டி

அதற்குப் பிறகு ஹவில்தார் மாமா மைதானத்துக்கு வருவதை நிறுத்திவிட்டார். மேட்ச் நடக்கிற சாயங்காலங்களில் அய்யனார் கோவில் ரோட்டில் தனியாக நடந்து போவதைப் பார்த்திருக்கிறேன். எதிரே வந்தால் நான் சைக்கிளை வேறு தெருவில் திருப்பிவிடுவேன். நேர்மையானவன் என்று என்னைப் பற்றி நானே நினைத்துக்கொண்டிருந்த காலம் அது.

நாலு கோல் வாங்கிய அந்த வாரமே ஸ்ரீவில்லிபுத்தூர் அணியின் மேனேஜர் கண்ணன் வந்தார். ஆண்டாள் கோவில் பக்கம் பூக்கடை வைத்திருப்பவர். அவர் ஊரில் ஜெர்சிக் கடை இல்லாமல் இல்லை. வேண்டுமென்றே இங்கே வந்தார். ரசிகர்களுக்கு இருபது ஜெர்சி, இருபதிலும் ‘பாண்டி’, நம்பர் ஒன்று. பள்ளிக்கூடத்தில் தப்பு செய்தவனுக்கு இம்போசிஷன் கொடுப்பார்கள் அல்லவா, அதே மாதிரி இருபது தடவை அந்தப் பெயரை வெட்டி, வைத்து, அழுத்தி எடுத்தேன். வாங்கிக்கொண்டு போகும்போது கண்ணன் உண்மையான நன்றியோடு கேட்டார்: "பாண்டியக் குடுக்கச் சொல்லி யோசன சொன்ன புண்ணியவான் உங்க ஊர்லதான் எங்கயோ இருக்காரு, ஹவில்தாரு பேரச் சொல்ல மாட்டேங்காரு. பாத்தா சொல்லுங்க தம்பி, கடையில உள்ளதுலயே பெரிய மாலையா கட்டிட்டு வாரேன்."

பட்டியல்

புது சீசனுக்கு மேலத்தெருவின் ஜெர்சிப் பட்டியலை முருகேசன் அண்ணாச்சி கொண்டுவந்தார். ராஜு அண்ணனும் கூட வந்தார். கடைசி வரியில் ‘மேனேஜர் – முருகேசன்’ என்று இருந்தது.

"அண்ணாச்சி, ஹவில்தார் மாமா பேரு இல்லையே."

"அவிய யோசனய ஒருதடவ கேட்டதுக்கே வருசம் பூரா வலைக்குள்ள பந்து பொறுக்கிட்டு இருக்கோம். போதும்யா."

"அது அவிய யோசன இல்ல. நான் சொன்னது."

இருவரும் சிரித்தார்கள். "ஏம்ல, அவரு இப்படிச் சொல்லச் சொன்னாராக்கும்?" என்றார் ராஜு அண்ணன். பையிலிருந்து நோட்டை எடுத்து வைத்தேன். ஒரு மாதமாகப் பையில்தான் இருந்தது. அண்ணாச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டினார். சிவப்பு அடிக்கோட்டுக்கு வந்ததும் விரல் நின்றது. முதலாளி கட்டிங் மெஷினை நிறுத்தினார்.

"அந்த மனுசன இம்புட்டு ஏசுனோமே, அப்பல்லாம் நீ எங்கல போயிருந்த?"

"இங்கதான் அண்ணாச்சி. உங்க நம்பர ஒட்டிக்கிட்டு இருந்தேன்."

அடிப்பார் என்று நினைத்தேன். முதலாளி, நாளையிலிருந்து வரவேண்டாம் என்பார் என்று நினைத்தேன். அம்மா சொந்தக்காரர்களிடம் என்ன சொல்வாள் என்றுகூட யோசித்துவிட்டேன். அண்ணாச்சி என் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துத் தன் பெயரை அடித்தார். மேலே ‘ஹவில்தார்’ என்று எழுதினார். எழுத்து கொஞ்சம் கோணியிருந்தது. "சாயங்காலம் அவிய வீட்டுக்குப் போறோம். நீ முன்னால நட, நான் பின்னால வாரேன்" என்றார். முதலாளி மெஷினை மறுபடி ஓடவிட்டார். அதை நான் மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

ஆனால் மேலத்தெரு ரசிகர்கள் ஒரு விவகாரத்தை அப்படியே முடித்துவிடுகிறவர்கள் இல்லை. ராஜு அண்ணன் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரை அழுத்தினார். "கண்ணா, நீ மாலை போடத் தேடுன ஆளு கெடச்சிட்டான். நம்ம ஜெர்சிக் கடத் தம்பிதான். இவன நீயே வச்சுக்க, பாண்டியத் திருப்பிக் குடுத்துரு. கூட அந்த வலையையும் தந்துருதோம்."

அந்தப் பக்கம் பூவுக்குத் தண்ணீர் தெளிக்கும் ஓசை கேட்டது. பிறகு கண்ணன் நிதானமாகப் பதில் சொன்னார்: "வலைய மட்டும் அனுப்புங்கண்ணே. தம்பி அங்கேயே இருந்து உங்களுக்கு யோசன சொல்லட்டும், அதுதான் எங்களுக்கு நல்லது."

இரண்டு ஊரும் ஒரே மனதாக வேண்டாம் என்று சொன்ன முதல் டிரான்ஸ்ஃபர் நான்தான் என்பதால், ஹவில்தார் மாமாவின் ஜெர்சியில் ‘மேனேஜர்’ என்று உரிக்கவே முடியாதபடி இரண்டு தடவை அழுத்தி ஒட்டிவிட்டு, அதே கவுண்டருக்குப் பின்னால் இன்னும் நிற்கிறேன்.